அம்மாவுக்கென்று வந்த கோட்டு

கராகோல் நகரச் சந்தையில் துணி வரிசையின் ஓரத்தில் இருக்கும் இரும்புப் பெட்டிக் கடை எங்களுடையது. இடது பாதியில் நான் பொத்தான், ஜிப், லைனிங் துணி விற்கிறேன். வலது பாதி என் தங்கை சல்கினுடையது. கவுன், பாவாடை, கோட்டு விற்பதாக வெளியே பலகை சொல்கிறது. ஆனால் பாதிப் பெண்கள் அவளிடம் வாங்க வருவதில்லை. வேறு கடையில் வாங்கிய உடுப்பைப் பையில் சுருட்டிக்கொண்டு வந்து, இது எனக்கு ஏன் நன்றாக இல்லை என்று கேட்க வருகிறார்கள். அவளும் முகம் சுளிக்காமல் சொல்லி அனுப்புகிறாள். இதனால் வியாபாரம் கெடும் என்று முதலில் நான் பயந்தேன். கெடவில்லை. அடுத்த உடுப்பை அவர்கள் அவளிடமே வாங்கினார்கள்.

தயிர் விற்கும் பாத்மா அக்கா வந்தால் மொத்த வரிசையும் காதைத் தீட்டிக்கொள்ளும்.

"சல்கின், இந்தக் கவுன்ல நான் அடுப்புல வச்ச கெட்டில் மாதிரி இருக்கேன்டி."

"கெட்டிலை ஏன்க்கா குறை சொல்றீங்க? வயித்துக்கு நடுவுல பெல்ட்டைக் கட்டி, அதை ரெண்டு வயிறா ஆக்கி வச்சிருக்கீங்க. முதல்ல அதை அவுருங்க."

"அவுத்தா மூட்டையாத் தெரிய மாட்டேனா?"

"மாட்டீங்க. மேலயும் கீழயும் ஒரே நிறமாப் போட்டு, முன்பக்கம் பொத்தான் போடாம மேல ஒரு நீளக் கோட்டு. அப்ப கண்ணு நேரா மேலயிருந்து கீழ போகும். வயித்துல நின்னு இளைப்பாறாது."

"என் வீட்டுக்காரர் கண்ணு எங்க நின்னாலும் எனக்குச் சந்தோஷம்தான்" என்று பாத்மா அக்கா சொல்ல, எதிர்க்கடைப் பெண் கையிலிருந்த தேநீரைச் சிந்திவிட்டாள்.

சல்கின் எந்த உடுப்பிலும் முதலில் தோளைப் பார்ப்பாள். தோள் தையல் தோள் எலும்பின் மேல் உட்கார வேண்டும். அது சரியாக இருந்தால் மற்றதை ஊசியும் நூலும் பார்த்துக்கொள்ளும், தோள் தவறினால் எதுவும் செய்ய முடியாது என்பாள். பாவாடை விளிம்பு கெண்டைக்காலின் பருத்த இடத்தில் முடியக் கூடாது, அதற்கு மேலோ கீழோ கால் ஒடுங்குகிற இடத்தில் முடிய வேண்டும் என்பாள். கண்ணாடியில் முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவளைத் தோளைப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பிவிடுவாள். "ஊர் உன்னை எல்லாப் பக்கமும் பார்க்குது" என்பாள். இதெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நான் அவள் அக்கா, பெருமையாகத்தான் சொல்வேன்: இந்தச் சந்தையில் அவள் கண்ணுக்கு ஈடான கண் கிடையாது.

அந்தக் கண்ணால் பார்த்தும் வாய் திறக்க முடியாத ஒரே ஒரு பெண் இருந்தாள். ஜாஸ்குல். சல்கின் பெற்ற மூத்த மகள்.

எங்கள் பக்கம் தலைப்பிள்ளை அப்பாவழித் தாத்தா பாட்டி வீட்டுக்கு உரியது. எல்லா வீட்டிலும் கேட்பதில்லை. கேட்டால் யாரும் மறுப்பதில்லை. நாற்பதாம் நாள் சடங்கு முடிந்ததும் சல்கினின் மாமியார் ஜூரா அத்தை குழந்தையைத் துணியில் சுற்றி அக்‑சூ கிராமத்துக்குத் தூக்கிப் போனார். அன்றிலிருந்து அது அவருடைய கடைக்குட்டி மகள். சல்கினின் கணவன் மராத்தை அது அண்ணன் என்று கூப்பிட்டது. பெற்றவளை அண்ணி என்று கூப்பிட்டது. யார் பெற்றது என்பது எல்லாருக்கும் தெரியும், குழந்தைக்கும் தெரியும். அது ரகசியம் இல்லை; சொல்லாத பேச்சு, அவ்வளவுதான். மாமியார் முன்னால் அந்தக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சக் கூடாது. சல்கின் கொஞ்சவில்லை. பிறகு பிறந்த இரண்டு பையன்களும் அவளோடு நகரத்திலேயே வளர்ந்தார்கள். பண்டிகைக்குக் கிராமம் போகும்போதெல்லாம் அவள் ஜாஸ்குலின் உடுப்பைப் பார்த்துவிட்டு வருவாள். முகத்தை நெடுநேரம் பார்த்தால் மாமியார் கவனிப்பார். உடுப்பைப் பார்த்தால் யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள்.

திரும்பி வந்து என்னிடம் சொல்வாள். "மறுபடியும் அதே மாதிரிதான்க்கா. இடுப்புத் தையல் பிள்ளையோட விலா மேல நிக்குது. தோள் சரிஞ்சு கையில தொங்குது."

ஜூரா அத்தை வீட்டார் உயரம். நீண்ட கால், மேலே ஏறிய இடுப்பு, பலகை போன்ற தோள். எங்கள் வீட்டு உடம்பு வேறு. உடல் நீளம், கால் குட்டை, இடுப்பு இறங்கியிருக்கும், தோள் சரிவு. ஜாஸ்குல் அச்சு அசல் எங்கள் உடம்பு. அத்தையோ தன் பெண்களுக்கு வாங்கிப் பழகியபடியே இவளுக்கும் வாங்கினார். துணியில் குறையே வைக்கவில்லை, நல்ல விலைத் துணிதான். ஆனால் எங்கள் வரிசைக்கு மட்டும் வரமாட்டார். பெண்ணைக் கூட்டிக்கொண்டு சந்தையின் மறு வாசல் வழியாக வந்து மறு வாசல் வழியாகவே போய்விடுவார். அவருக்கும் ஒரு பயம் இருந்திருக்கும். சல்கின் கூட்டத்தின் இடைவெளியில் இரண்டு முதுகுகளையும் பார்த்துக்கொண்டு நிற்பாள். வாயைத் திறந்து இந்தப் பிள்ளைக்கு இடுப்பு இறக்கம் என்று சொன்னால், அது என் இடுப்பு என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

அவளுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெண்ணை ஒரு தடவை தன் கையால் உடுத்திவிட்டுப் பார்க்க வேண்டும்.

ஜாஸ்குலுக்கு மலைக்கு அப்பால் நரின் ஊரில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளையின் தாய் வந்து பெண்ணுக்குத் தோடு போடும் நாள் குறித்தார்கள். அதற்கு முந்தைய வாரம், ஆள் குறைந்த மத்தியான நேரத்தில், ஜாஸ்குல் தனியாக எங்கள் கடை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பை.

"அண்ணி, அம்மா இதை வாங்கியிருக்காங்க. போட்டா யார் கிட்டயோ இரவல் வாங்கின மாதிரி இருக்கு."

சல்கின் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "போட்டுக் காட்டு."

திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். வெள்ளைப் பட்டுக் கவுன், கையில் பூவேலை. வயிற்றுப் பக்கம் துணி மடிந்து மடிந்து ஏறியிருந்தது.

"என் உடம்புதான் கோணலா அண்ணி? எல்லா உடுப்பும் இப்படியே இருக்கு. இருபத்தோரு வருஷமா என் மேலதான் தப்புன்னு நினைச்சுட்டிருக்கேன்."

"யார் சொன்னா? உடம்புல தப்பு கிடையாது. உன் இடுப்பு இறங்கின இடுப்பு. அது எங்க இருக்குன்னு உடுப்புக்குத் தெரியலை."

"எங்கன்னு எனக்கே தெரியலையே. எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

சல்கின் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்து பொத்தான்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவள் டேப்பை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள். "என் மேல அளந்து பாரு. பக்கவாட்டுல குனி, எங்க மடியுதோ அதுதான் இடுப்பு. இதோ நான் குனியறேன். இங்க பிடி. கழுத்து எலும்புலயிருந்து இதுவரைக்கும் எவ்வளவு?"

ஜாஸ்குல் சொன்னாள்.

"இப்ப தோள். கை நீளம். மார்பு. எல்லாம் எடு, கூச்சப்படாதே. இப்ப அதே மாதிரி உன் மேல."

பெண் தன் மேல் வைத்துப் பார்த்தாள். திரும்ப ஒரு தடவை பார்த்தாள்; கழுத்திலிருந்து இடுப்புவரை அதே அளவு. பிறகு கண்ணாடியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தாள். டேப்பைச் சுருட்டாமல் விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

சல்கினின் குரல் மாறவில்லை. வாடிக்கைக்காரிக்குச் சொல்வது போலவே சொன்னாள். "இடுப்புத் தையலே வேண்டாம். அதைப் பிரிச்சு நேரா விட்டுடறேன். தோளுக்குள்ள மெல்லிசா ஒரு பஞ்சு வச்சா சரிவு தெரியாது. மேல கையில்லாத குட்டைச் சட்டை, இடுப்பு எலும்புக்கு நாலு விரல் மேலயே முடியணும். அப்ப கால் நீளமாத் தெரியும். தினசரிக்கும் இதேதான். மேல குட்டை, கீழ நீளம். தலைத்துணி முடிச்சைப் பின்னால போடு, கழுத்து நீளும். மாமியார் வீட்டுல பெரிய பூப்போட்ட துணியா வாங்கித் தருவாங்க. வேண்டாம்னு சொல்லாதே. மேல கறுப்புச் சட்டை போட்டு மறைச்சுக்கோ."

"ம்."

"நரின்ல குளிர் அதிகம். கனத்த கோட்டு தரையைத் தொடற மாதிரி வாங்காதே. குட்டையாத் தெரிவே."

"சரி அண்ணி."

அன்றைக்கு ஒரு பொத்தானுக்குக்கூட அவள் என்னை எழவிடவில்லை. தானே தேடி எடுத்துத் தைத்தாள். ஜாஸ்குல் ஸ்டூலில் உட்கார்ந்து நாங்கள் வாங்கிக்கொடுத்த புளிப்புக் குளிர் நூடுல்ஸைச் சாப்பிட்டாள். காரத்தில் மூக்கு வடிந்தது. சல்கினுக்கும் அப்படித்தான் வடியும்.

தோடு போடும் நாளில் நான் பெண் வீட்டுச் சொந்தமாக உட்கார்ந்திருந்தேன். சல்கின் மருமகள் என்பதால் சமோவார் பக்கத்தில் நின்று எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஜாஸ்குல் உள்ளே வந்தபோது மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். உடுப்பு என்று ஒன்று தனியாகத் தெரியவில்லை, பெண்தான் தெரிந்தாள். மாப்பிள்ளையின் தாய் தோடு போட்டு நெற்றியில் முத்தமிட்டார். பிறகு சம்பந்திகளுக்கு உடுப்புப் போர்த்தும் முறை.

"பெண்ணோட அம்மா முன்னாடி வரட்டும்" என்றார் அவர்.

ஜூரா அத்தை எழுந்தார். அவர்கள் பிரித்தது கருஞ்சிவப்பு வெல்வெட் கோட்டு, ஓரமெல்லாம் ஆட்டுக்கொம்புக் கோலத் தையல். அத்தை கையை நுழைத்தார். முழங்கைக்கு மேல் போகவில்லை. மற்றக் கையை நுழைக்கப் பார்த்தார். முதுகில் துணி இழுத்தது.

"என்ன இது! அளவு கேட்டுத்தானே தைச்சோம்" என்று மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி உரக்கச் சொன்னாள். "அம்மா அளவு என்னம்மான்னு ஃபோன்ல கேட்டேன். யோசிக்காம டக்குடக்குன்னு சொன்னாளே பொண்ணு!"

எல்லார் முகமும் ஜாஸ்குல் பக்கம் திரும்பியது. அவள் தேநீர்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது சிவந்திருந்தது. ஆனால் தவறிவிட்டது என்று மட்டும் சொல்லவில்லை.

நான் பார்த்ததும் அந்தக் கோட்டு யாருக்கு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தோள் சரிவுக்கு வெட்டிய கோட்டு அது. சல்கினுக்குத் தெரியாமல் இருக்குமா? தேநீர்க் குடுவையைப் பிடித்தபடியே நின்றாள். அத்தையின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. இருபத்தோரு வருஷம் வளர்த்தவர், சபையில் ஒரு கை நுழைத்தபடி நிற்கிறார்.

சல்கின் குடுவையை வைத்துவிட்டு நேராகப் போனாள். கையை மெதுவாக வெளியே எடுத்துவிட்டாள். "அத்தை, இது கை நுழைக்கிற கோட்டு இல்லை. பெரியவங்க தோள்ல போட்டுக்கிறது. இப்படி." தோளில் போட்டுக் காலரைத் திருப்பி, கழுத்துக் கொக்கியை மாட்டி, முன்பக்கம் இரண்டு ஓரமும் நேராக விழும்படி இழுத்துவிட்டாள். "நரின் பக்கம் இப்ப இப்படித்தானே போட்டுக்கிறாங்க?" என்று சம்பந்தியம்மாளைக் கேட்டாள்.

அந்த அம்மாள் கெட்டிக்காரி. "ஆமா ஆமா, இப்படித்தான்! நான் சொல்ல வர்றதுக்குள்ள உங்க மருமக சொல்லிட்டா" என்றார். பெண்கள் சிரித்தார்கள், ரொட்டி உடைத்தார்கள், பேச்சு தொடங்கியது. உயரமான அத்தைக்கு அது உண்மையிலேயே நன்றாக இருந்தது. சல்கின் சமோவாருக்குத் திரும்பினாள். அவள் ஊற்றிய அடுத்த கிண்ணம் நிரம்பி வழிந்தது.

கல்யாணத்தன்று பெண்ணைக் கொண்டுவிட அம்மாக்கள் போவது எங்கள் வழக்கமில்லை, அண்ணிகள்தான் போவார்கள். ஆகவே சல்கின் போனாள். திரும்பி வந்ததும், வழியில் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் பேசலைக்கா. மலை ஏறி இறங்கறவரைக்கும் என் தோள்ல தலையை வச்சுத் தூங்கிட்டு வந்தா" என்றாள்.

இலையுதிர்க்காலத்தில் ஒரு நாள் ஜூரா அத்தை எங்கள் வரிசைக்கு வந்தார். அதுதான் முதல் தடவை. கோட்டை என் மேசைமேல் விரித்தார்.

"பிரிச்சு அகலப்படுத்திக் குடு. தோள்ல போட்டா வேலை செய்ய முடியலை, வழுக்குது."

சல்கின் உட்பக்கத் தையலை விரலால் தடவிப் பார்த்தாள். "ஓரத்துல துணி விடலை அத்தை. பிரிச்சாலும் பத்தாது."

இரண்டு பக்கமும் தாராளமாகத் துணி விட்டிருந்தது. நான் நிற்கும் இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. அத்தையும் ஊசி பிடித்துப் பழகியவர். கட்டை விரலால் அதே தையலைத் தடவினார். சல்கின் முகத்தைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"இல்லைன்னா இல்லை" என்றார் அத்தை கடைசியில். "எங்க வீட்டுல பூச்சி அரிக்குது. இங்கயே கிடக்கட்டும்." என்னிடம் ஒரு அட்டை நிறையக் கறுப்பு ஊக்கு வாங்கிக்கொண்டு போனார்.

கோட்டு இப்போது கடையின் உள்சுவரில் தொங்குகிறது. வாங்க வருகிறவர்கள் விலை கேட்கிறார்கள். சல்கின் தலையை மட்டும் ஆட்டுகிறாள். இதுவரை ஒரு தடவைகூட அதைப் போட்டுப் பார்க்கவில்லை. ஜாஸ்குல் வாரம் தவறாமல் ஃபோனில் கூப்பிடுகிறாள். "அண்ணி, நாத்தனார் கல்யாணத்துக்கு நீலத்துக்கு மேல எது போடறது?", "அண்ணி, பூட்ஸுக்குள்ள பாவாடை மாட்டிக்குது, என்ன பண்றது?" சல்கின் பதில் சொல்கிறாள். கேட்டதைவிட நீளமாகச் சொல்கிறாள். அம்மா என்ற சொல் அந்தப் பக்கத்திலிருந்து வருவதில்லை, வரும் என்று இவளும் காத்திருப்பதில்லை.

வசந்தப் பண்டிகை நவ்ரூஸுக்கு வருகிறேன் என்று ஜாஸ்குல் சொல்லியிருக்கிறாள். நரின் வழியில் இருக்கும் தோலோன் கணவாயில் பனி விழுந்து பேருந்து நின்றுவிட்டதாக ஓட்டுநர்கள் சொல்கிறார்கள். சந்தையே யோசனை கேட்டு உடுத்தும் என் தங்கை, அப்படியும் நேற்று அந்தக் கோட்டின் முன்னால் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்:

"அக்கா, இதுக்கு உள்ள நான் என்ன போட்டுக்கட்டும்?"

சாம்பல் நிறக் கம்பளிக் கவுன் என்றேன். அவள் பாதி வியாபாரத்தில் கடையை என்னிடம் விட்டுவிட்டு, அந்தக் கவுனை எடுத்து இஸ்திரி போட வீட்டுக்குப் போனாள்.