சாமிதாஸ் சார் சாய்த்து வைத்த ஸ்கேல்

காமயகவுண்டன்பட்டியில் டவுன் பஸ் ஏறினேன். கண்டக்டர் எங்கள் பள்ளியில் படித்த பையன். டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே சொன்னான்: "அண்ணே, விசயம் தெரியுமா? நம்ம விலங்கியல் வாத்தியாரு சாமிதாஸ் சார் நேத்துக் காலையில போயிட்டாகளாம். நெஞ்சுவலியாம்."

அய்யோ என்றுதான் முதலில் வாயில் வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது: இனி நான் யாரிடம் கேட்பேன்? ஏழு வருடமாக ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். "தொட்டியைத் திறந்து விட்டது நான்தான், செல்லையா இல்லை" என்று எனக்காக அவர் தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சொல்லாமலே போய்விட்டார்.

இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்பார்கள். நல்லதும் எழுதுகிறேன். ஆனால் முழுசாக எழுதுகிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். சாரைத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும். அங்கே எட்டு வருடம் நான் தற்காலிக ஆய்வக உதவியாளன். சாருக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. அவர் சார், நான் செல்லையா. ஆனால் மத்தியானச் சாப்பாடு இரண்டு பேருக்கும் ஒரே தூக்குவாளியில்தான்.

ஒருமுறை மைக்ராஸ்கோப் பெட்டிக்குள் பல்லி முட்டையிட்டுவிட்டது. குஞ்சு வெளியே வரும்வரை பெட்டியை யாரும் தொடக் கூடாது என்று சார் சொல்லிவிட்டார். அந்தச் சமயம் பார்த்து ஆய்வுக்கு அதிகாரி வந்து சேர்ந்தார். மைக்ராஸ்கோப் எங்கே என்று கேட்டார். சார் கொஞ்சமும் அசராமல், "ரிப்பேருங்கய்யா, மதுரைக்கு அனுப்பியிருக்கு" என்றார். அதிகாரி போன பிறகு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பல்லிக்காகப் பொய் சொன்ன மனிதர் எனக்காக ஓர் உண்மையைச் சொல்ல மாட்டார் என்று அன்று எனக்கு எப்படித் தெரியும்?

கறி சாப்பிடுவதை அவர் எப்போதோ நிறுத்திவிட்டார். கிறிஸ்துமஸுக்குக்கூட அவர் வீட்டில் கறி வேகாது. அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுவேன், அன்று மட்டும் தங்கை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார். சார் அதையும் தடுக்க மாட்டார். "எனக்குத் தெரியுது, அவளுக்கு இன்னும் தெரியல, அம்புட்டுத்தான்" என்பார். என்ன சார் தெரியுது என்று நான் கேட்டேன். "நம்ம தோலோட நாம முடிஞ்சு போறமா என்ன? வலின்னு ஒண்ணு இருக்குல்ல செல்லையா, அது எனக்குள்ள இருந்தாலும் வலி, தவளைக்குள்ள இருந்தாலும் வலி" என்றார். வகுப்பிலும் இதையே சொல்வார். அவரிடம் படித்த உங்களில் பல பேர் நோட்டில் எழுதி வைத்திருப்பீர்கள்.

வெறும் பேச்சில்லை. என் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, கோம்பைப் பக்கம் வரப்புகளில் தேடிக் கீழாநெல்லி பறித்துக்கொண்டு ஒன்பது நாள் காலையில் சைக்கிளில் வந்து கொடுத்தவர் அவர். அந்தப் பிள்ளை பிழைத்ததில் அவருக்கும் பங்குண்டு. அதனால்தான் அவருடைய இரக்கத்துக்குள் நானும் இருக்கிறேன் என்று நம்பினேன். பல்லி வரைக்கும் நீண்ட கை பக்கத்தில் நிற்கிறவனை விட்டுவிடுமா?

அந்த வருடம் செய்முறைத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு அவர் தலைமையாசிரியரிடம் போய், தவளையை அறுக்காமல் படத்தை வைத்தே பரீட்சை நடத்தலாமா என்று கேட்டார். பாடத்திட்டத்தில் இருப்பதை மாற்ற நீர் யார் என்று திட்டு வாங்கித் திரும்பி வந்தார். என்னிடம், "இந்த வருசம் எனக்குக் கையே ஓடலப்பா" என்றார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தவளை பிடிக்கிற வேலை என்னுடையது. அந்தத் தேர்வு முடிந்ததும் என் வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் போக வேண்டியிருந்தது. மூன்று நாள் விடியற்காலையில் வாய்க்கால் ஓரமாகச் சேற்றில் இறங்கி, ஐம்பது தவளைக்கு மேல் பிடித்து, ஆய்வகத்துக்குப் பின்னாலிருந்த சிமெண்டுத் தொட்டியில் விட்டேன். கம்பிவலை மூடியைப் போட்டு, மேலே கல்லையும் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள், தேர்வன்று காலை போய்ப் பார்த்தால் மூடி சுவரில் சாய்ந்திருந்தது. கல் ஓரமாக இருந்தது. தொட்டியில் ஒரு தவளை கூட இல்லை. ஆய்வகத்துக்குள் கரும்பலகைக்கு வைத்திருந்த ஒரு மீட்டர் மரஸ்கேல் மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து விளிம்புவரை சாய்வாக நின்றது. தவளைக்குக் கால் வழுக்காமலிருக்க அதில் நெருக்கமாகச் சணல் சுற்றியிருந்தது. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஆய்வகச் சாவி இரண்டு. ஒன்று என்னிடம், இன்னொன்று சாரிடம். தவளைக்கு வழுக்குமே என்று யோசிக்கக்கூடிய மனிதர் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கிலேயே ஒருவர்தான்.

நான் செய்த மடத்தனத்தைக் கேளுங்கள். தலைமையாசிரியர் வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. சார் மாட்டிக்கொள்வாரே என்று, அந்த ஸ்கேலை உருவி ஆய்வகத்துக்குள் அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். என் கை தானாகப் போய் அதைச் செய்தது.

"மூடியத் திறந்து போட்டுட்டுப் போயிட்டியாடா?" என்று தலைமையாசிரியர் கத்தினார். சார் அங்கேதான் நின்றார், என்னிடமிருந்து இரண்டு எட்டுத் தூரத்தில். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தார்? ஒரு சொல் சொல்லவில்லை. அவர் நிரந்தர ஆசிரியர். சொல்லியிருந்தால் ஒரு மெமோவோடு போயிருக்கும். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. அன்று ஆண்டி நான். கவனக்குறைவு என்று எழுதி என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். மத்தியானத்துக்குள் பக்கத்துப் பள்ளியிலிருந்து வேறு தவளைகள் வந்து, பரீட்சையும் நடந்தது. என் தவளைகள் தப்பித்தன. அவற்றுக்குப் பதிலாக வேறு தவளைகள் செத்தன. எட்டு வருட வேலை போனது எனக்கு மட்டும்தான். போகும்போது அந்த ஸ்கேலையும் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

மூன்று வருடம் கழித்து ஒருநாள் பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். நான் அப்போது திராட்சைத் தோட்டத்தில் மேற்பார்வைக்குச் சேர்ந்திருந்தேன். நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அன்னைக்கு ஏன் சார் வாயத் திறக்கல?"

கையிலிருந்த டிக்கெட்டை நாலாக மடித்தார். பிறகு சொன்னார்: "பயந்துட்டேம்ப்பா. அப்புறம், அந்தத் தவளைகளுக்கு ஆரு இருக்கா? ஒனக்குக் கை இருக்கு, காலு இருக்கு, எப்படியும் பொழச்சுக்குவன்னு நெனச்சேன்."

"எனக்கும் வலின்னு ஒண்ணு இருக்குல்ல சார்" என்றேன்.

அவர் எழுந்து அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். அது அவர் ஊர் இல்லை, வெறும் வயற்காடு. பஸ் கிளம்பும்போது வெயிலில் நின்றுகொண்டிருந்தார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

அடக்கத்துக்குப் போனேன். சும்மா போகவில்லை. ஸ்கேலைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போனேன். எல்லோர் முன்னாலும் அதைக் காட்டிக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். ஓய்வு பெற்ற அந்தத் தலைமையாசிரியரும் வந்திருந்தார். "எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனுசர்" என்று அவர் பேசியபோது ஸ்கேலைச் சுற்றிய தாளைப் பிரிக்கத் தொடங்கினேன். எழுந்தும் விட்டேன். பெட்டிக்குள் சார் படுத்திருந்தார். என்ன சொன்னாலும் இனி அவரால் பதில் பேச முடியாது. வாயில்லாத ஜீவன் மேல் கல்லெறியாதே என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். பாருங்கள், அங்கேயும் என்னை அவர்தான் உட்கார வைத்தார். அவர் பெட்டி முன்னால் நான் பேசவில்லை, இப்போது பேசுகிறேன். எனக்கு வாய் இருக்கிறது.

கிளம்பும்போது அக்கா என் கையைப் பார்த்தார். தாளுக்கு வெளியே ஸ்கேலின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. "இது பள்ளிக்கூடத்து ஸ்கேல்ல? அந்தத் தவளைக போன அன்னைக்குச் சாயங்காலம் ஆய்வகம் பூராம் இதத்தான் தேடுனாகளாம். வீட்டுக்கு வந்து சோறுகூடத் திங்கல" என்றார்.

"எதுக்குத் தேடுனாக அக்கா?"

"கேட்டேன். சொல்லலியே."

மறைப்பதற்காகத் தேடினாரா, தலைமையாசிரியர் முன்னால் கொண்டுபோய் வைத்து எனக்காகப் பேசுவதற்காகத் தேடினாரா? எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. எனக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அந்த ஆறுதலை எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஸ்கேல் கிடைக்காவிட்டால் என்ன, நாக்கு அவரிடம்தானே இருந்தது?

மறுநாள் தோட்டத்தில் திராட்சைக் கொடிக்கு அடிக்கிற மருந்து கலக்க வேண்டியிருந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் எடுத்து வைத்துவிட்டு, வேலையாள் தொட்டியருகே நின்றான். "அண்ணே, உள்ள ஒரு தவளை கெடக்கு. கலக்கிரட்டுமா?"

"இரு" என்றேன். அடக்கம் முடிந்து நேரே வந்து கொட்டகையில் போட்டிருந்த ஸ்கேலை எடுத்து வந்து தொட்டிக்குள் சாய்த்தேன். பழைய சணல் இற்றுப்போயிருந்தது. தவளை மூன்று முறை அதில் ஏறிப் பார்த்து மூன்று முறையும் வழுக்கி விழுந்தது. வேலையாள் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஸ்கேல் ஒன்றுதான். அவரை மன்னித்துவிட்டாயா என்று கேட்காதீர்கள். இல்லை. அந்தச் சணலைப் பிய்த்தெறிந்துவிட்டுப் புதுச் சணல் சுற்றித் தொட்டிக்குள் சாய்த்து வைத்தேன்.