பூஜையில் இருந்த கடப்பாரை

மழை தொடங்கும் முன்னால் வார்டு மெம்பர் வீடு வீடாக வந்து, அவசரத்துக்கு ஒரு பை கட்டி வாசலில் மாட்டிவைக்கச் சொன்னார். டார்ச், கயிறு, பிஸ்கட், ஆதார் கார்டு, வெட்டவோ தோண்டவோ கைக்கு ஒரு சாமான். வித்துராவிலிருந்து பொன்முடிக்குப் போகிற ரோட்டோரம், மேட்டை வெட்டிக் கட்டிய வாடகை வீடு எங்களுடையது. அடுக்களைக்குப் பின்னால் செங்குத்தாக மண் நிற்கும். நான் கொத்தனார். அந்த மண் நிற்காது என்று பார்த்தவுடனே தெரியும். தெரிந்தும் வேலைக்குப் பக்கம் என்று குடியிருந்தேன்.

என்ன சாமான் வைப்பது என்பதில் எனக்கும் என் மனைவியின் தம்பிக்கும் ஒரே சண்டை. எங்களோடுதான் இருந்தான்; ஒரே சாரத்தில் நின்று வேலை பார்ப்போம். நான் வெட்டுக்கத்தி என்றேன். மரம் விழுந்தால் வெட்டலாம், கயிறு அறுக்கலாம், இளநீர்கூடச் சீவலாம்.

"மண்ணு சரிஞ்சா கத்திய வச்சு சவரமா பண்ணப் போறிய? குட்டைக் கடப்பாரை இருக்குல்லா, அது மதி அத்தான்."

இந்த மலையாளத்து ஊருக்கு வந்து 'போதும்' என்ற சொல்லையே மறந்துவிட்டான் படுபாவி. சோறு மதி, மழை மதி, அத்தான் ஏசினது மதி. ஆனால் அவன் சொன்னதுதான் சரி. கடப்பாரையே பைக்குள் போனது.

பிறகு சரஸ்வதி பூஜை வந்தது. அஷ்டமி சாயங்காலம் வேலைச் சாமான்களைப் பூஜைக்கு வைத்தால், விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும். நடுவில் யாரும் தொடுவதில்லை. கொத்துக்கரண்டி, தூக்குக்குண்டு, ரசமட்டம் எல்லாம் முன்னறைப் பலகையில் ஏறின. பையிலிருந்த கடப்பாரையை அவனே எடுத்துக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்தான். சோறு போடுகிற சாமானை விட்டுவைக்கலாமா என்றான். வெட்டுக்கத்தி கோழி அறுத்தது, அதனால் பூஜைக்கு ஆகாது. அதை நான் பைக்குள் போட்டேன்.

"பாத்தியா மாப்ள, கடைசியில ஜெயிச்சது யாரு?"

மறுநாள் மத்தியானம் விடாத மழை. என் மனைவி சந்தைக்குப் போயிருந்தாள். அவன் கட்டன்சாயா போட அடுக்களைக்குப் போனான். நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம்.

வாசலில் தொங்கிய பையோடு வீட்டைச் சுற்றிப் பின்னால் ஓடினேன். சுவர் விழுந்து, கதவு நிலைக்கு மேலிருந்த கான்கிரீட் கட்டை அவன் நெஞ்சின் மேல் குறுக்கே கிடந்தது. தலையும் ஒரு கையும் வெளியே தெரிந்தன. கத்தியைச் சந்தில் செருகி நெம்பினேன். முனை வளைந்தது. கையால் மண்ணை அள்ள அள்ள மேலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது.

"அத்தான், கடப்பாரை," என்றான்.

"பூஜையில இருக்குடே," என்றேன்.

ஐயோ, இந்த வாயால்தான் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, கடை பூட்டியிருக்கு என்கிற மாதிரி தானாக வந்தது. அவனும் என்னைத் திட்டவில்லை. கண்ணை மூடித் திறந்து, "ஓ, சரிதான். கத்தியே மதி," என்றான்.

நான் கத்தியாலேயே கொத்தினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவன் பேச்சு நின்ற பிறகுதான் ஓடிப் போய்க் கடப்பாரையை எடுத்துவந்தேன். இரண்டே நெம்பு. கட்டை புரண்டது. அவன் போயிருந்தான்.

மழையில் வழி அடைத்து, தீயணைப்பு வண்டி வர இருட்டிவிட்டது. கடப்பாரையை ஏன் முதலிலேயே எடுக்கவில்லை என்று எல்லாரும் கேட்டார்கள். மண் தள்ளியதில் முன்கதவு இறுகிக்கொண்டது, முதலில் திறக்க முடியவில்லை என்றேன். என் மனைவியிடமும் அதையேதான் சொன்னேன்.

இப்போது வேறு வீடு. மேடு கிடையாது, ஆனாலும் அவள் பை கட்டுகிறாள். போன வாரம் கடப்பாரையைத் துடைத்து உள்ளே வைத்துக்கொண்டே சொன்னாள்: "அன்னைக்கு அந்தப் பாழாப்போன கதவு மட்டும் திறந்திருந்தா, எந்தம்பி இருந்திருப்பான், இல்லையா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தக் கதவு அன்று காலையிலிருந்தே திறந்துதான் கிடந்தது.