தெனின் பெயரைக் கூப்பிட்ட பாட்டு

மொலோபாலி ஜாராவின் பெண்சாதி தெனின் போய்ச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. அவர் இன்னும் அழவில்லை. பமாகோ நகரத்தில் எங்கள் பேட்டை முழுக்கக் குளிர்பெட்டி பழுது பார்க்கிறவர் அவர்தான். இப்போதும் வேலைக்குப் போனார், சோறு போட்டால் தின்றார், கேட்டதற்குப் பதில் சொன்னார். உள்ளே மட்டும் ஒன்றும் ஓடவில்லை. "கல்லு" என்றார்கள் மச்சினன்மார். அவருக்கே அந்தச் சந்தேகம் உண்டு. அதற்குப் பயந்திருக்க வேண்டும், அந்தப் பயம்கூட வரவில்லை.

அழாததையாவது ஊர் பொறுத்துக்கொண்டது. சுமானாவுக்குப் பதில் கொடுக்காததைப் பொறுக்க முடியவில்லை. சுமானா டெம்பெலே குலத்துக்காரர். டெம்பெலேக்களும் ஜாராக்களும் கேலிமுறைக்காரர்கள். கண்ட இடத்தில் காராமணி தின்னி, அடிமைப்பயல் என்று வைய வேண்டும், வாங்கியவர் சூடாறுமுன் திருப்பித் தர வேண்டும். சாவு வீட்டுக்கும் விலக்கில்லை. அடக்கத்தன்று சுமானா வாசலில் நின்று, "டேய் காராமணி தின்னி, உன் நாத்தம் தாங்காமத்தான் மகராசி ஓடிட்டா!" என்று முறையாகக் கத்தினார். அழுதுகொண்டிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். மொலோபாலி, "ஆமா" என்றார்.

 கூட்டாளியையும் சேர்த்துப் புதைத்துவிட்டோமோ என்று அன்றிலிருந்து சுமானாவுக்கு ஒரே கவலை.

மாலையானால் மாமரத்தடியில் தேநீர்க் கூட்டம். கரியடுப்பில் முதல் கொதி ஏறுவதற்குள் ஆளுக்கொரு பாட்டுப் போட வேண்டும். எல்லாம் கோரா என்கிற எங்கள் யாழ் வாசிப்புதான், அந்தக் காலத்து அரசர்கள் கேட்ட இசை. அதையே இப்போது உலகம் முழுக்கத் திருகி விளையாடுகிறார்கள். ரேடியோக் கடை யாயா, ஒரு வெள்ளைக்காரன் தேவாலய ஆர்கனில் வாசித்ததைப் போட்டான்.

"மாடு கன்னு போடுற மாதிரில்ல இருக்கு!" என்றார் சுமானா.

"உங்க காதுல இருக்கிற அழுக்கைத் தோண்டுங்க முதல்ல."

இருவரும் மொலோபாலியைப் பார்த்தார்கள். "நல்லாருக்கு" என்றார் அவர். எதைப் போட்டாலும் அதேதான்.

ஒரு வெள்ளிக்கிழமை சுமானா தொலைபேசியோடு வந்தார். மொலோபாலியின் கல்யாணக் கேசட்டை அவர் வீட்டிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துப்போய், கணினியில் ஆட்டப்பாட்டு செய்கிற ஹாவாவிடம் கொடுத்துப் புதுசாக்கி வாங்கியிருந்தார். செய்தது சரியென்று நான் சொல்லமாட்டேன்.

முதலில் கோரா. அப்புறம் தகரத்தில் அடிப்பது போல் தாளம். அதற்கு நடுவே, என்றோ செத்துப்போன குலப்பாடகி மாமுவின் குரல்: "தெனின் சங்காரே, எழுந்திரு!"

குலப்பாடகி பெயரைக் கூப்பிட்டால் எங்களில் எவரும் உட்கார்ந்திருக்க முடியாது. எழுந்து, கையில் இருப்பதைக் கொடுக்க வேண்டும். கல்யாணத்தன்று தெனின் வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்காக மொலோபாலிதான் எழுந்து கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். அதன்பிறகு மாமு அவள் குலத்தையே வாழ்த்திப் பாடினாள்.

ஹாவா வாழ்த்தை வெட்டிவிட்டிருந்தாள். கூப்பிடுவதை மட்டும் திரும்பத் திரும்ப வைத்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் கொஞ்சம் மௌனம் விட்டிருந்தாள். ஆட்டத்துக்கு அது எடுப்பாக இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

மொலோபாலி எழுந்தார். இப்போது கட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றித் தேநீர்த் தட்டில், தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்தார். வாழ்த்துக்காக நின்றார்.

"தெனின் சங்காரே, எழுந்திரு!"

"கொடுத்துட்டேனே" என்றார். "இன்னும் எதுக்குக் கூப்பிடுறா?"

யாயா நிறுத்தப் போனான். சுமானா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். குரல் மறுபடி கூப்பிட்டது.

"அவ வரமாட்டா" என்றார் மொலோபாலி தொலைபேசியிடம். "அவ செத்துட்டா."

நாலு மாதத்தில் அந்த வார்த்தையை அவர் சொன்னது அதுதான் முதல்தடவை.

 ஆனாலும் சுமானாவுக்கு முறை முறைதான். "டேய் காராமணி தின்னி, கூப்பிட்டது உன்னையா? ஒக்காருடா!"

மொலோபாலி திரும்பிப் பார்த்தார். "பொண்டாட்டியக் கூப்பிட்டா புருஷன் எழுந்திரிப்பான். உன்னைப் பெத்தவளக் கூப்பிட்டாக்கூட நீ டீக் கெட்டிலை விட்டு அசையமாட்டே, அடிமைப்பயலே!"

நாலு மாதமாக வராத பதில் வந்துவிட்டது; சுமானா சிரிக்க வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினார். மொலோபாலி அவரைப் பார்த்தார். தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார், காய்ந்தே இருந்தது. பாட்டு மறுபடி தெனினைக் கூப்பிட்டது. அவர் உட்காரவில்லை.