பக்கத்தில் யார் என்று கேட்ட நவ்பர் நானா

நவ்பர் நானா மௌத்தாகிவிட்டார், பின்னேரம் அஸர் தொழுகையோடு அடக்கம் என்று சாய்ந்தமருதிலிருந்து மதியம் செய்தி வந்தது. மாரடைப்பாம். கொழும்பிலிருந்து அதற்குள் போய்ச் சேர வழியில்லை. மூன்றாம் நாள்தான் போனேன். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அவரோடு பழகிய உங்களுக்கு அவருடைய கோபம் தெரியும். அலுவலகத்தில் அவரும் நானும் செய்த வேலை, ஒரு கணினிக்குள் மென்பொருளால் இன்னொரு கணினியை உண்டாக்குவது. அந்த உள்கணினி எழும்பும்போது, தன்னிடம் எத்தனை புரொசசர்கள், அவற்றில் எவை ஒரே சிப்பில் சேர்ந்திருக்கின்றன என்பதை தொடக்க மென்பொருளான ஃபேர்ம்வேரில் நாங்கள் எழுதும் அட்டவணையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். ஒருமுறை, இரண்டு சிப்பில் நான்கு நான்காக இருந்தவற்றை எட்டுத் தனிச் சிப்புகளாக எழுதிவிட்டேன். கணினி ஓடியது, ஆனால் ஒன்றாகச் செய்யவேண்டிய வேலைகளைத் தூரத் தூரப் பிரித்துவிட்டுத் திணறியது.

“எட்டெண்டு எண்ண ஆருக்கும் ஏலும். ஆருக்குப் பக்கத்தில ஆர் எண்டு எங்கடா எழுதியிருக்காய்?” என்று எல்லோர் முன்னாலும் நானா கத்தினார். எனக்குச் சரியான ஆத்திரம். ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை.

யுத்தம் முடிந்த அன்று தெருவெல்லாம் வெடி கொளுத்தினார்கள். தமிழ் பேசும் நாங்கள் இருவரும் வெளியே இறங்கப் பயந்து அலுவலகத்திலேயே இருந்தோம். அன்றுதான் தன் தாயின் கதையைச் சொன்னார். சாய்ந்தமருதுப் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கு வீடு கொடுத்தே கட்டிக்கொடுப்பார்கள். அவருடைய உம்மாவுக்கும் உம்மாவின் தங்கையான சாச்சிக்கும் ஒரே வளவில், நடுவே வேலியில்லாத இரண்டு வீடுகள். இரண்டையும் சுனாமி கொண்டுபோனது. ஊருக்கு உள்ளே கட்டிய குடியிருப்புக்குப் பெயர்ப்பட்டியல் அடித்தவர் இவர்தான். வேலை சுருக்காக முடியட்டும் என்று குடும்ப அட்டை எண் வரிசையில் அடுக்கினார். வீடுகளும் அதே வரிசையில் பிரிந்தன. உம்மா முதல் தெருவில், சாச்சி கடைசித் தெருவில். ஒரு காலை உம்மா குசினி அடுப்படியில் விழுந்தார். சாச்சி வந்து பார்த்தபோது பின்னேரமாகிவிட்டது; உயிர் இல்லை.

“பழைய வளவெண்டா உம்மா கூப்பிட்டது சாச்சிக்குக் கேட்டிருக்கும்டா.”

“அட்டைக்கு ஒரு வீடு சரியாத்தானே நானா கிடைச்சிருக்கு?” என்றேன், ஆறுதல் சொல்வதாக நினைத்து.

“ஓம். எண்ணிக்கை சரி.”

அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவேயில்லை. நான் அன்று வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம்.

மூன்றாம் நாள், துக்கம் விசாரிக்கப் போன மையத்து வீட்டில் சாச்சி என்னைப் பக்கத்தில் இருத்திச் சொன்னார்: “லிஸ்ட்ட அவன்தான் அடிச்சதெண்டு எனக்கு முதல்லயே தெரியும், தம்பி. உன்ட பிழை இல்ல மகன் எண்டு செல்லத்தான் நினைச்சன். வரக்குள்ள எல்லாம் சோறு போட்டன். அத மட்டும் வாய் திறந்து செல்லல்ல.”

நானா போனபின் எனக்கு மிஞ்சியது சாச்சியின் அந்த வார்த்தைதான். அது அவர் காதுக்குப் போயிருக்க வேண்டியது.