ரெண்டு தடவையும் கிளட்ச் பேரிங்கும்

ஒர்க்‌ஷாப்பில் அந்த மெக்கானிக்குக்கு 'ரெண்டு தடவை' என்று பெயர். முறுக்கின போல்ட்டையே மறுபடி முறுக்கிப் பார்ப்பார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். "ஒரு நாள் பூட்டு கையோட வந்துடப் போகுது" என்று மனைவி கேலி செய்வாள். மனிதர் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார். பிறவிக் குணமெல்லாம் இல்லை, போன வருஷம் வந்து ஒட்டிக்கொண்டது.

அவர் தங்கை பந்தயக் கார் ஓட்டுகிறவள். போன வருஷம் அந்தக் காருக்குப் புது கிளட்ச் போட்டவர் இவர்தான். பெடலை மிதித்தால் கிளட்சைத் தள்ளி விடுவிக்கிற, எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிற ஹைட்ராலிக் பேரிங், அந்த வண்டியில் கியர் பாக்ஸின் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதற்கும் கிளட்சுக்கும் நடுவே மெல்லிசாக ஓர் இடைவெளி வேண்டும். கிளட்சை மாற்றினால் மறுபடி அளந்து, அதற்கேற்ற வளையத்தைப் பேரிங்குக்கு அடியில் வைக்க வேண்டும். இவரோ பழைய வளையத்தையே துடைத்து வைத்துவிட்டார். நம் கைக்குத் தெரியாததா என்கிற மிதப்பு, வேறென்ன! பந்தயத்தில் பேரிங் எண்ணெயைக் கக்கிவிட, வளைவில் கியர் மாற்ற முடியாமல் கார் டயர் தடுப்பில் போய் மோதியது. தங்கைக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

எலும்பு கூடியதும் அவள் அதே காரை இவரிடமே கொண்டுவந்தாள். கார்களுக்கு சீட் உறையும் காலடி மேட்டும் தைக்கிற அவள் புருஷன் குதித்தான். "உங்க அண்ணன் கை வச்சா உருப்படுமா? வேற எடத்துல குடு!" அவள் கேட்கவில்லை.

அப்படிக் கொடுத்த காருக்கு நாளை பந்தயம். இவர் கியர் பாக்ஸ் பக்கம் அளந்தார், இன்ஜின் பக்கம் அளந்தார், கழித்துப் பார்த்தார், முதலிலிருந்து மறுபடி அளந்தார். வளையம் வைத்துப் பேரிங்கை உட்கார வைத்தார். கியர் பாக்ஸ் ஏறும்வரை யாரும் பெடலை மிதித்து, பேரிங்கைப் பிதுக்கித் தொலைக்கக் கூடாதென்று ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். எல்லாம் மாட்டி, குழாயில் ஒரு குமிழிகூட வராத வரை காற்றை வெளியேற்றிய பிறகுதான் துணியை அவிழ்த்தார்.

தங்கை ஏறி உட்கார்ந்து, இன்ஜினைக் கிளப்பி, கிளட்சை மிதித்து ரிவர்ஸ் போட்டாள். கறகறவென்று கியர் பல் உரசியது.

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா?" என்று பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை ஆரம்பித்தான்.

இவர் ஸ்பேனரைக் கையில் எடுத்தார். "கியர் பாக்ஸ எறக்கிடறேன்மா. நாளைக்கு நீ ஓட்ட வேணாம்."

"அண்ணா, அளந்தியா?"

"அளந்தேன்."

"எத்தனை தடவ?"

"ரெண்டு தடவ."

"அப்ப அது சரியாத்தான் இருக்கும். வேற எங்கயாவது பாரு."

ஒரு வருஷமாக அவரே தன்னை நம்பவில்லை. இவள் நம்புகிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணெய்க் குழாயைத் தொட்டுப் பார்த்தார், கசிவில்லை. டார்ச்சுடன் பெடலுக்கடியில் தலையை நுழைத்தார். அங்கே புத்தம்புது மேட் ஒன்று மெத்தை மாதிரி விரிந்து கிடந்தது. பெடல் பாதி வழியிலேயே அதில் முட்டி நின்றது. முழுசாக மிதிபடாமல் கிளட்ச் எங்கே விடும்?

மேட்டை உருவி வெளியே நீட்டினார். "மாப்ள, இது யாரு வேல?"

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. "நீங்க துணிய அவுத்ததும் நான்தான் போட்டேன், மச்சான். அவளுக்குக் கால் வலிக்கக் கூடாதேன்னு ரெண்டு அடுக்கா தச்சேன்..."

தங்கை ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். பிறகு கிளட்சை மிதித்தாள். ரிவர்ஸ் சத்தமே இல்லாமல் விழுந்தது. தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து, ஜன்னல் வழியே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

"மச்சான், எதுக்கும் இன்னொரு தடவ ஓட்டிப் பாத்துடலாமா?" மாப்பிள்ளைக்கு இப்போது பயம் பிடித்துக்கொண்டது.

"வேணாம். ஒரு தடவ போதும்."

ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு மூவரும் நடந்தார்கள். தெருமுனை வந்ததும் அவர் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்து வரட்டுமென்று தங்கை வழக்கம்போல நின்றாள். அவர் பேசிக்கொண்டே அவளைத் தாண்டிப் போய்விட்டார்.