டப்பாக்களைப் பூட்டிய டீச்சர்

ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. பால்காரர் ஊற்றும் பாலை விரலால் தொட்டுப் பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரி சிரித்தால், என்ன கேட்கப் போகிறாளோ என்றுதான் முதலில் யோசிப்பார். தையல்கடை வைத்திருக்கும் அவர் கணவர், "நல்ல காலமே வந்து கதவைத் தட்டினாலும், யார் அனுப்பிச்சதுன்னு கேட்டுட்டுத்தான் நீ திறப்ப" என்பார். டீச்சர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவரிடம் போய், வட்டாரத்து ஆரம்பப் பள்ளிகள் நான்கும் இனிமேல் சேர்ந்து வேலை செய்யும் என்றார் தலைமையாசிரியர். புதன்கிழமைதோறும் ஒரு பள்ளி டீச்சர் இன்னொரு பள்ளிக்குப் போய், வகுப்பில் உட்கார்ந்து பாடம் நடப்பதைப் பார்க்க வேண்டும். நல்லது கண்ணில் பட்டால் தன் பள்ளிக்கு எடுத்துப் போகலாம். எல்லோரும் தலையாட்டினார்கள். எடுத்துப் போவதற்குத்தானே வருகிறார்கள் என்று டீச்சர் மனதுக்குள் கறுவிக்கொண்டார்.

அவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது. டீச்சர் வேலை பார்த்த ஓட்டுக்கூரைப் பள்ளியில் வருடத்துக்கு வருடம் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். இன்னும் நாலைந்து பேர் போனால் பள்ளியை இழுத்து மூடி, மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாடிப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு. லாரிகள் பறக்கும் அந்த ரோட்டைத் தன் பொடிசுகள் தினமும் தாண்ட வேண்டியிருக்கும்.

பள்ளிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு விஷயம். எழுத்தே ஏறாத பிள்ளைகூட இந்த டீச்சரிடம் வாசித்துவிடும். அவர் வகுப்பில் ஆளுக்கொரு காலி பிஸ்கட் டப்பா உண்டு. காலையில் ஒவ்வொரு பிள்ளையும் அவர் பக்கத்தில் வந்து, தனக்கு வேண்டிய ஒரு வார்த்தையைக் காதோடு கேட்கும். அவர் அதைச் சின்ன அட்டையில் எழுதிக் கொடுப்பார். லாரி, அத்தை, பேய், ஐஸ் என்று டப்பா நிறையும். தானே கேட்டு வாங்கிய வார்த்தையை எந்தப் பிள்ளையும் மறந்ததில்லை.

அந்த வித்தையை ரோட்டுக்கு அந்தப் பக்கம் தூக்கிக் கொடுக்க டீச்சர் என்ன ஏமாளியா? மாடிப் பள்ளியின் இரண்டாம் வகுப்பு டீச்சர் வருவதாக இருந்த புதன்கிழமை காலையில், டப்பாக்கள் எல்லாவற்றையும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். கரும்பலகையில் பாடத்தை எழுதிப் போட்டு, எல்லோரும் சேர்ந்து சத்தமாகச் சொல்லச் சொன்னார். ஓடு அதிர்ந்தது. முன் பெஞ்சுச் சிறுமி ஒருத்தி எழுந்து, "டப்பா எங்க டீச்சர்?" என்று கேட்டாள். சாப்பாட்டு டப்பாவைக் கேட்கிறாள் என்று வந்தவளிடம் சமாளித்துவிட்டு, டீச்சர் அவளை ஒரு முறை முறைத்தார்.

வந்தவளோ பாடத்தைக் கவனித்ததாகவே தெரியவில்லை. ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள், பிறகு வலது பக்கம் மாறி உட்கார்ந்தாள். ஒரு பெஞ்சில் எத்தனை பேர், நீங்கள் எந்தப் பக்கம் நின்று பாடம் எடுப்பீர்கள், கேட்டை எப்போது பூட்டுவீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். டீச்சர் பிடிகொடுக்காமல் பதில் சொன்னார். அன்று வீட்டுக்குப் போனதும், "இடத்தை அளக்க ஆள் அனுப்பிட்டாங்க" என்றார். கணவர் ஊசியில் நூல் கோத்தபடி, அவள் கையில் டேப் இருந்ததா என்று கேட்டார்.

மாதக் கடைசியில் நான்கு பள்ளிகளின் கூட்டம் நடந்தது. வாசிக்கத் திணறும் பிள்ளைகளையெல்லாம் ஒரே பள்ளியில் சேர்த்துத் தனி வகுப்பு நடத்துவது, அவர்கள் பெயரை அந்தப் பள்ளியிலேயே பதிவது என்று முடிவானது. முதலில் அடிபட்டது ஓட்டுப் பள்ளியின் பேர்தான்; கிடைத்தால் பிள்ளைகள் எண்ணிக்கை கூடி, பள்ளியை மூடும் பேச்சே எழாது. அப்போது மாடிப் பள்ளி டீச்சர் எழுந்து, அந்த ஒன்றாம் வகுப்பில் தான் நேரில் பார்த்ததைச் சொன்னாள். தனி வகுப்பு, நான்கில் இன்னொன்றான ரயில்வே லைன் பள்ளிக்குப் போய்விட்டது.

நினைத்த மாதிரியே கவிழ்த்துவிட்டாள் என்று பஸ் ஸ்டாப்பில் பொருமிக்கொண்டு நின்றார் டீச்சர். அவளே பக்கத்தில் வந்து நின்றாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். என் பொண்ணுக்கு இடது காது கேக்காது. என் வகுப்புலதான் இருக்கா, எழுத்துக்கூட்டத் தெரியல. பக்கத்துல உக்கார வச்சு, காதோட பேசிச் சொல்லிக் குடுப்பீங்கன்னு கேள்விப்பட்டேன். அதான் அவளை எந்தப் பெஞ்சுல உக்கார வைக்கலாம்னு அன்னைக்குப் பார்த்தேன். அந்தக் கத்தல்ல அவளுக்கு ஒண்ணும் விளங்காதும்மா."

டீச்சருக்கு உடம்பெல்லாம் கூசியது. பீரோ சாவி கைப்பையில்தான் கிடந்தது.

"நாளைக்கே அவளைக் கூட்டிட்டு வாங்க" என்றார். "அன்னைக்கு நடந்தது என் பாடமே இல்ல."

அவள் டீச்சரை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வை டீச்சருக்கு அத்துப்படி. இத்தனை வருஷமாக அவர் பிறரைப் பார்த்துவந்த பார்வை அது.

"உங்க பள்ளியில பிள்ளைங்க குறையுதுன்னு சொன்னாங்க. அதுக்காகக் கூப்பிடுறீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். பொய் வரவில்லை. "அதுக்கும்தான்" என்றார். "ஒரு தடவை வந்து பாருங்க."

பஸ் வந்து நின்றது.

"பார்த்தாச்சே டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவள் ஏறிக்கொண்டாள்.