ஒரு வருஷத்துக்கு விலை மாறாது

தொலைபேசிக் கொம்பனியில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் வேலை என்பது, முகம் தெரியாத யாரோ எடுத்த முடிவுக்காக முகம் தெரியாத யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற வேலை. நீங்களும் ரிசீவரைத் தோளில் செருகிக்கொண்டு, ஒரே பாட்டை மூன்று தரம் கேட்டுக் காத்திருந்தவர்கள்தான். பாட்டு நின்றதும் "வணக்கம்" என்று வந்த குரல்களில் ஒன்று என்னுடையது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், கனடாவில் ரொறன்ரோவை ஒட்டிய ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் எங்கள் கந்தோர் இருந்தது. வெளிநாட்டு அழைப்புகளை மலிவாகக் கொடுப்பதாகச் சொல்லி ஆட்களைச் சேர்த்த சின்னக் கொம்பனி. தமிழ்க் கடைகளின் கண்ணாடியில் எங்கள் நோட்டீஸ் ஒட்டியிருக்கும்: "இலங்கைக்கு ஒரு வருஷத்துக்கு விலை மாறாது." பாதி வருஷத்தில் மாறிவிட்டது. அதைத் தமிழில் சொல்ல என்னை இருத்தினார்கள். அப்போது பேசியவர்களில் பலரை மறந்துவிட்டேன். ஒருவருடைய ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் கைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன் மற்றவர்களையும் சொல்லிவிடுகிறேன்.

ஒத்திகை

எங்கள் சூப்பவைசர் லொரேய்ன் யமேக்காவில் பிறந்தவர், குரலை உயர்த்தாத மனுஷி. வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் அச்சடித்துத் தந்தார். அதில் சந்தை நிலவரம் இருந்தது, சேவையின் தரம் இருந்தது, கட்டணச் சீரமைப்பு இருந்தது. கூடுகிறது என்ற சொல் மட்டும் இல்லை. அது வாயில் வரவே கூடாது என்பது மேலிடத்தின் கட்டளை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதைத் தமிழாக்கிச் சுகிர்தனுக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் கந்தோரில் இருந்த மற்றத் தமிழ் ஆள் அவன்தான், மன்னாரைச் சேர்ந்தவன். அவன் வாடிக்கையாளராக நடிப்பதாக ஏற்பாடு. நான் சந்தை நிலவரத்தைத் தாண்டிச் சேவையின் தரத்துக்கு வருவதற்குள், சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டு என்னைக் கவலையோடு பார்த்தான். வீட்டில் யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது, அதைத்தான் இவள் மெல்ல மெல்லச் சொல்லப் போகிறாள் என்று உண்மையாகவே நினைத்துவிட்டானாம்.

"விலை ஏறினால் ஏறினதெண்டு சொல்லுங்கோ. எங்கட சனத்துக்கு அது புதிசில்லை. சுத்தி வளைச்சால்தான் பயப்பிடுவினம்."

றிச்மண்ட் ஹில் அண்ணை

சுகிர்தன் சொன்னபடியே நான் விஷயத்தை நேராகச் சொன்ன முதல் ஆள், றிச்மண்ட் ஹில்லில் புது வீடு வாங்கியிருந்த ஒரு அண்ணை. அவர் கத்தவில்லை. கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுப் போய்த் தன்னுடைய கொன்ராக்டை எடுத்துவந்து, எனக்கே ஆற அமர வாசித்துக் காட்டினார். வருஷம் முடிய முன் அவர் விலகினால் தண்டம் கட்ட வேண்டும். கொம்பனி விலையைக் கூட்ட விரும்பினால் ஒரு அறிவித்தல் அனுப்பினால் போதும். இரண்டும் ஒரே பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன.

அவர் வாசித்து முடித்ததும் லொரேய்ன் தந்த தாளைத் திருப்பிப் பார்த்தேன். அதில் இதற்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கோபத்தில் கத்துகிறவரைச் சமாளிக்கப் பயிற்சி தந்திருந்தார்கள். நியாயத்தைப் பொறுமையாகக் கேட்கிறவரைச் சமாளிக்கத் தரவில்லை.

"நான் இடையிலை விட்டால் தண்டம். நீங்கள் இடையிலை கூட்டினால் அறிவித்தல். கையெழுத்து வைச்சது நான் மட்டும்தானோ, தங்கச்சி?"

அழுகைக்கும் ஒரு நேரம்

பிக்கரிங்கில் ஒரு பெண், முதியோர் இல்லத்தில் வேலை. நான் சொல்லி முடித்ததும் "பரவாயில்லை" என்றார். அப்படிச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குத்தான் பயம். அவருடைய அம்மா கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு அறையில் தனியாக இருந்தார். வீட்டுக்காரரின் போனில் கிழமைக்கொரு தரம் பேச்சு. பேச்சு என்று சொன்னாலும், மகளின் குரலைக் கேட்டவுடன் அம்மா அழத் தொடங்கிவிடுவார். பாதி நேரம் அதிலேயே போய்விடும். மிச்சத்தில், மருந்து எடுத்தீங்களா என்று மகளும் அங்கே குளிர் எப்படி என்று அம்மாவும் கேட்கிற இரண்டு கேள்வி. அதோடு வைத்துவிட வேண்டியதுதான்.

பழைய விலையில் அந்த அழுகைக்கும் இடம் இருந்தது. அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார் போலும். பிறகு, கடையில் மரக்கறி விலை ஏறியதைப் பற்றிச் சொல்வதுபோல மிகச் சாதாரணமாகச் சொன்னார்:

"அம்மாவுக்குக் கடிதம் போடுறன், இனி அழுறதெண்டால் போன் வர முந்தியே அழுது முடிச்சுக்கொண்டு வரச்சொல்லி."

பவளம் அன்ரியின் சனிக்கிழமைப் பூசை

பார்க்டேலில், ஏரிப் பக்கமாக இருக்கிற உயரக் கட்டடம் ஒன்றில் பவளம் அன்ரி இருந்தார். யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பம். அவர் வீட்டு லைனில் ஓடுகிற நேரத்தைப் பார்த்துவிட்டு, அங்கே யாரோ போன் கடை நடத்துகிறார்கள் என்றே எங்கள் கந்தோர் நினைத்திருந்தது. கேட்டால் அது திறீவே, ஒரே லைனில் மூன்று பேரைப் பொருத்துகிற வசதி. நாட்டுக்கு வந்து கொஞ்சக் காலமே ஆனவர்களுக்கு எந்தக் கொம்பனியும் வெளிநாட்டு லைன் கொடுக்காது. முன்காசு கொடுத்து வாங்கிப் பேசுகிற போன் அட்டைகளும் இன்னும் கடைக்குக் கடை வராத காலம். அப்படிப்பட்டவர்கள் அன்ரிக்கு உள்ளூர் அழைப்பு எடுப்பார்கள். அன்ரி ஒரு பொத்தானை அமத்தி, இலங்கைக்கு அடித்து, திரும்ப அமத்தி, இரண்டு பக்கத்தையும் பொருத்திவிடுவார். ஆளுக்காள் தங்கள் பங்கைக் கொடுத்துவிடுவார்கள். இதில் ஒரே ஒரு வில்லங்கம், நடுவில் நிற்கிறவர் போனை வைத்தால் லைன் அறுந்துவிடும். பேசி முடியுமட்டும் அன்ரியும் காதில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும்.

காலப்போக்கில் எல்லாரும் சொந்த லைன் எடுத்துவிட்டார்கள், ஒருவரைத் தவிர. ஞானம் அண்ணை, ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். மனைவியும் மகளும் கனடா விசாவுக்குக் காத்துக்கொண்டு வவுனியாவில். ஞாயிற்றுக்கிழமை அங்கே பொழுதுபடுகிற நேரம் அவர்கள் காசு கொடுத்துப் போன் பேசுகிற ஒரு கொமியூனிகேசன் கடைக்கு வந்து காத்திருப்பார்கள். இங்கே அது காலை. அண்ணை சமையலறைக்குப் பக்கத்திலுள்ள காசு போடும் போனில் நிற்பார். அந்தப் பதினைந்து நிமிஷம்தான் அவருக்குக் குடும்பம். அதற்காகவே அன்ரி ஞாயிறு பூசையை விட்டுச் சனிக்கிழமை பின்னேரப் பூசைக்கு மாறியிருந்தார்.

இப்போது விலை கூடியதும், அன்ரியின் பில்லைக் கட்டுகிற மகன் லைனை வெட்டச் சொல்லிவிட்டான். அவன் மேல் பிழை சொல்ல முடியாது, அவனும் இரண்டு வேலை செய்கிறவன். ஞானம் அண்ணையிடம் கூடுதலாகக் கேட்கலாமே என்றேன். அந்த மனுஷன் குடும்பத்தைக் கூப்பிடுவதற்காகப் பஸ்ஸில்கூட ஏறாமல் நடக்கிறார், அவரிடம் எந்த வாயால் கேட்பது என்றார். மற்றவர்கள் பேசுவதெல்லாம் அன்ரிக்குக் கேட்டுக்கொண்டிருக்குமே, அது எப்படி என்று கேட்டேன். இது அந்தத் தாளில் இல்லாத கேள்வி.

"கேக்கும், பிள்ளை. கேக்காத மாதிரி இருக்கப் பழகிட்டன். ஆனால் இந்த ஞாயிறு கேக்காட்டில் எனக்கும் அந்தரமாயிருக்கும்."

லொரேய்னின் மேசை

எனக்கு அன்று கோபம் வந்தது. யாரில் என்று தெரியாத கோபம். அதைத் தூக்கிக்கொண்டு லொரேய்னின் மேசைக்குப் போனேன். ஒரே ஒரு கணக்குக்கு மட்டும், அந்தக் குடும்பம் கனடா வந்து சேரும்வரை, பழைய விலையை விட்டுவைக்க முடியுமா என்று கேட்டேன். திறீவேயை விளங்கப்படுத்தினேன். பூசையையும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். ஒருவருக்கு விட்டால் எல்லோருக்கும் விட வேண்டும், தனக்கு அந்த அதிகாரம் இல்லை என்றார். எனக்கு அது எரிச்சலாக இருந்தாலும் அவர் சொன்னது உண்மை. அவரும் என்னைப்போல, வேறு யாரோ எடுத்த முடிவின் நடுவில் நிற்கிறவர்தான்.

நான் எழும்பியபோது, வேறேதோ கதைப்பதுபோல, ஊழியர்களின் வீட்டு லைனுக்கு விலை கூட்டவில்லை என்பது எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். எனக்கு இலங்கையில் பேச ஆட்கள் குறைவு என்பதால் அந்தச் சலுகையை நான் நினைத்தே பார்த்ததில்லை. லொரேய்ன் கணினித் திரையைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் சொன்னதன் தமிழ் இது:

"விலையை என்னால் குறைக்க முடியாது. நீ ஞாயிற்றுக்கிழமைகளில் உன் வீட்டில் என்ன செய்கிறாய் என்று நான் கேட்கப் போவதும் இல்லை."

இருமல் இல்லாத ஞாயிறு

இனி ஞானம் அண்ணையை என் வீட்டு லைனில் பொருத்துவது என்று பேசி, பவளம் அன்ரி எனக்குப் போனிலேயே பாடம் எடுத்தார். எந்தப் பொத்தானை எப்போது அமத்துவது, கடைக்காரர் எடுத்ததும் யாரைக் கூப்பிடச் சொல்வது, பொருத்தியதும் வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொள்வது. மூச்சுச் சத்தம்கூடப் போகக்கூடாதாம். ஞாயிறு காலை என் போன் அடித்தது. பின்னால் கோப்பைகள் மோதுகிற சத்தம். ஞானம் அண்ணை தன் பெயரைச் சொல்லி, தொந்தரவுக்கு மன்னிப்பும் கேட்டார். எங்கள் கொம்பனி அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு அது.

பொருத்திவிட்டேன். அவர்கள் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. மகளுக்குப் பனிச் சப்பாத்து வாங்க வேண்டும், அவள் காலை ஒரு பேப்பரில் வைத்து அளவைக் கீறி அனுப்பச் சொன்னார். விசா வந்த பிறகு பார்க்கலாமே என்றார் மனைவி. மலிவு விற்பனை இப்போதுதான் என்றார் இவர். மகள் இடையில் புகுந்து, கால் வளர்ந்துவிடும், பெரிதாகவே வாங்குங்கோ என்றாள். பிறகு மூன்று பேரும் பேசாமல் நின்றார்கள். பேசாத நேரத்துக்கும் காசு ஓடும் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வைக்கவில்லை. நானும் பொத்திய கையோடு இருந்தேன், கண் கலங்கிவிட்டது என்பதை மறைப்பானேன்.

அப்போது மனைவி, இன்றைக்கு அன்ரியின் இருமல் கேட்கவில்லையே, சுகமில்லையா என்று கேட்டார். மூச்சுச் சத்தம் போகக்கூடாது என்று சொல்லித்தந்த அன்ரி, ஒவ்வொரு கிழமையும் இருமிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கையை எடுத்துவிட்டு, அன்ரி சுகமாக இருக்கிறார், இனி நான்தான் நிற்பேன் என்றேன். தங்கள் வீட்டுக் கதையை அந்நியப் பெண் ஒருத்தி கேட்டுவிட்டாளே என்று அவர் கூசுவார் என நினைத்தேன். வவுனியாவில் அந்தக் கடையில் யாரோ கதிரை இழுக்கிற சத்தம் வந்தது. பிறகு அவர் குரல்:

"அங்கை இப்ப விடியத்தானே, பிள்ளை. எங்களுக்காக எழும்பினனீங்கள், ஏதும் சாப்பிட்டனீங்களோ?"

எங்கள் கொம்பனி எழுதிக் கையெழுத்து வாங்கிய விலை ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. யாரும் எழுதித் தராத அந்தக் கேள்வி மட்டும், அவர்கள் ரொறன்ரோ வந்து இறங்கி அந்தப் பெரிய சப்பாத்தை மகள் போட்டுப் பார்க்கும்வரை, ஒவ்வொரு ஞாயிறும் கட்டணச் சீரமைப்பு எதுவும் இல்லாமல் எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.